கொசுறுக் கணக்கு

சமையல் எண்ணெய், இரண்டு லிட்டர்.
வெள்ளைச் சீட்டில் எழுபத்தொன்பது ரேண்ட்.
அதன் கீழே மஞ்சள் சீட்டில் அறுபத்து நான்கு.
புட்டி ஒன்றுதான்.
அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு விலை,
வைத்திராதவருக்கு இன்னொன்று.
பதினைந்து ரேண்ட் என்பது
பேவ்யூவிலிருந்து ஆஸ்பத்திரி வரை
டாக்ஸியில் ஒரு வழி.
மாதக் கடைசியில் ஏறுகிறேனா நடக்கிறேனா என்பதை
அந்த மஞ்சள் சீட்டுதான் சொல்லும்.

முதலில் விலையை ஏற்றிவிட்டு
அப்புறம் இறக்கிக் காட்டுகிறார்கள்
என்பான் என் தம்பி பூபாலன்.
இருக்கலாம்.
அவன் வீட்டுக்கு எண்ணெய் வாங்குவது
அவன் மனைவி.

வரிசையில் நின்று பார்க்க வேண்டும்.
கல்லாவில் நொம்புசோ, தலையை நிமிர்த்தாமல்,
"அட்டை?" என்பாள்.
எனக்கு முன்னால் நிற்பவர் சட்டைப் பையைத் தடவுவார்,
பர்ஸைக் கவிழ்ப்பார்,
பழைய ரசீதுகள், ஒரு சாமி படம்,
பிறகு மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார்.
கடன் கேட்கும் பார்வை அல்ல அது.
மழைக்கு ஒதுங்கியவர்
குடைக்குள் ஒரு தோளுக்கு இடம் கேட்பது.
நீட்டிவிடுவேன். எனக்கென்ன குறைந்துவிடும்?
பீப்.
பன்னிரண்டு ரேண்ட் அவருக்கு மிச்சம்.
அவருடைய புள்ளிகள் எனக்கு.

நாங்கள் கொசுறு என்போம்,
நொம்புசோ பசேலா என்பாள்.
பங்களாதேஷ் சந்தையில்
கத்தரிக்காய்க்கு மேல் ஒரு பிடி கறிவேப்பிலை போடுகிறவர்
யாருக்குப் போட்டோம் என்று எழுதி வைப்பதில்லை.
இங்கே எழுதி வைக்கிறார்கள்.

ஆகவே
கடைக்குத் தெரிந்த லொகேஷ்னி பிள்ளைக்கு
இரட்டைக் குழந்தைகள், நான்காம் அளவு நாப்பி.
மாதம் எட்டுக் கிலோ தின்கிற பெரிய நாய்.
வாரம் தவறாமல் சவர பிளேடு.
ஈஸ்டருக்கு முப்பது சாக்லேட் முட்டை.
இரவுப் பணி முடித்து
அப்போதுதான் கண்ணை மூடியிருப்பேன்,
தலையணைக்கடியில் தொலைபேசி அதிரும்:
"லொகேஷ்னி, உங்கள் நாய் பசியோடு இருக்கிறதா?"

எனக்கு நாற்பத்தாறு வயது.
வார்டில் இருபத்தெட்டுக் கட்டில்.
வீட்டில் ஒன்று.
நாய்க்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன்.
சொல்ல மாட்டேன்.

டிசம்பரில் புள்ளிகளை மாற்றினால்
முந்நூற்றுப் பத்து ரேண்ட் வந்தது.
பத்துக் கிலோ அரிசி, ஆறு மீன் டின்,
மிச்சத்துக்கு நல்ல சோப்பு ஒன்று.
எந்தக் குழந்தையின் நாப்பி இந்த அரிசி,
எவர் மோவாய் இந்த சோப்பு
என்று கேட்டுக்கொண்டே குழம்பு வைத்தேன்.
புளி கொஞ்சம் தூக்கல்.

போன வியாழன்
அட்டை சீருடைப் பையிலேயே இருந்து
சலவைக்குப் போய்விட்டது.
காலையெல்லாம் மின்வெட்டு, தொலைபேசி செத்துக் கிடந்தது.
கூடையில் இருந்தவை
கையகலக் கேக் ஒன்று,
மெழுகுவத்தி ஒரு பொட்டலம்.
"அட்டை?" என்றாள் நொம்புசோ.
நான் திரும்பிப் பார்த்தேன்.
இத்தனை வருஷம் வாங்கிக்கொண்ட அதே பார்வையை
என் முகம் எங்கே கற்றதோ,
சரியாகவே செய்தது.

பின்னால் நின்றவருக்குப்
பெயின்ட் தெறித்த காலணி,
கையில் ரொட்டியும் பாலும்.
மெழுகுவத்தியைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
பீப்.
ஒன்பது ரேண்ட்.

அடுத்த ஆண்டு இதே வாரம்
கடை அவருக்கு எழுதும்:
கேக் வாங்க மறந்துவிடாதீர்கள்.
பாதி வெள்ளையடித்த சுவருக்கு முன்னால்
தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவர் படிப்பார்.
யாருக்கு என்று அவருக்கும் தெரியாது,
கடைக்கும் தெரியாது.