பக்கக் கயிறு

படிக்கட்டில் திரும்பவில்லை பீரோ.
இரண்டாவது வளைவில் கால் சிக்கி
பச்சைப் பெயின்டில் ஒரு கீறல் வாங்கிக்கொண்டு
மறுபடி தெருவுக்கே இறங்கிவிட்டது.
ஹவுசிங் போர்டு கட்டியவனுக்குத் தெரியுமா
கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பின்னால்
சீர்ப்பொருளும் திரும்பி வருமென்று.

மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிறு.
ஒன்றில் ரொசாரியோ, ஐஸ் பெட்டி தூக்கிய கை.
ஒன்றில் என் அண்ணன்,
நேற்றுவரை என்னைத் திரும்பிப் போகச் சொன்னவன்.
சுவரில் இடிக்காமல் விலக்கிப் பிடிக்க
எதிர் பிளாக்கிலிருந்து பக்கக் கயிறு:
ஹார்பரில் இருபது வருஷம் சரக்கு ஏற்றிய
தேசிங்கு மாமா.
'ஹபீஸ்' என்றார்.
எழும்பியது.

யார் இழுத்த பக்கமும் போகவில்லை அது.
நேர் மேலேயும் இல்லை,
எதிர் பிளாக்குக்கும் இல்லை,
நடுவில் யாரும் பிடிக்காத ஒரு சாய்வில் ஏறியது.
இரும்பின் எடை கீழே கூப்பிட்டது.
காசிமேட்டுக் காற்று
கருவாட்டு வாசத்தோடு வந்து தோளில் மோதியது.
கதவுக் கண்ணாடியில் தெரு சுழன்றது:
கேபிள் ஒயர், தண்ணி லாரி, அண்ணாந்த முகங்கள்,
சுற்றுக்கு ஒரு தடவை
பால்கனியில் நான்.

என்னை இழுத்ததும் ஒரு கயிறு இல்லை.
அவன். அவன் குடி.
மாதா கோயில் வாசலில் பேசி முடித்தவர்கள்,
ஸ்டேஷனில் எழுதி வாங்கிய ரைட்டர்,
மூன்று பவுன் பாக்கி,
அம்மாவின் பிரஷர் மாத்திரை.
ஒருத்தரும் காட்டாத திசையில்
ஒரு செவ்வாய்க்கிழமை
எர்ணாவூரில் பஸ் ஏறினேன்.

இரண்டாம் மாடிக்கு நேராக நின்றுவிட்டது.
'இன்னாமே, தூங்குதா?'
கீழே ஒரு பையன் சிரித்தான்.
ரொசாரியோவின் கழுத்து நரம்பை
அவன் பார்க்கவில்லை.
அண்ணனின் உள்ளங்கை கயிற்றில் வெந்தது.
தேசிங்கு மாமா
கைப்பிடிச் சுவரில் காலை உதைத்துச் சாய்ந்திருந்தார்.
மூன்று பேரும் முழு மூச்சாக இழுத்ததால்தான்
அது சும்மா இருந்தது.

நாலு மாதமாக இந்த ஜன்னலோரம் இருக்கிறேன்.
'சும்மாத்தானே குந்தினுகீற' என்று
குடத்தைக் கையில் தருகிறார்கள்.

அண்ணன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லி
இன்னொரு பிடி இழுத்தான்.
ஏறியது.
'ஆரியா, மெல்ல...'
பக்கக் கயிறு தளரத் தளர
என்னை நோக்கி மிதந்து வந்தது பீரோ.
கையை நீட்டினேன்.
அத்தனை இரும்பும்
ஒரு விரலுக்குத் திரும்பியது.

உள்ளே ஏதோ உருண்டது.
காலி என்று சொல்லித்தான்
அனுப்பியிருந்தார்கள்.