இருபது கிலோ

மல்லாவியில் பேரம்பலத்தின் மில்லை விட்டால்
ஒரு சூட்கேஸை ஏற்றி நிறுக்கத் தராசு கிடையாது.
நெல் மூடை இறக்கிய தட்டில்
உமியைத் தட்டிவிட்டு வைத்தேன்.
இருபத்தேழு.
"ஏழு கிலோ குறையவேணும்" என்றேன்.
"ஈரப்பதம் கூடவோ ரீச்சர்?" என்றார்.

மாலைதீவு. அதிலும் தலைநகர் இல்லை,
படகில் இன்னும் நாலு மணித்தியாலம்.
ஏஜென்சிப் பெடியன் சொன்னான்:
எல்லாம் அங்கே இருக்கு, ஸ்மார்ட் போர்ட்கூட,
உடுப்பை மட்டும் கொண்டு போங்கோ.
பதினொரு வருசம்
கரண்ட் போய்ப் போய் வரும் வகுப்பில்
இங்கிலீசு படிப்பித்தவள் நான்.
சுவரில் கொளுவின எதையும் நம்பமாட்டேன்.

மில் வாசலில் பெட்டியைத் திறந்து வைத்துக் குந்தினேன்.
சிவரூபன் எனக்குத் தெரியாமல் செருகின
மிளகாய்த்தூள் இரண்டு கிலோ.
ஒன்றை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.
புளியங்கொட்டை ஒரு போத்தல்,
எண்ணப் பழக்க, ஒன்று பல என்று பிரித்துக் காட்ட.
விதை எண்டால் கஸ்டம்ஸில் மறிப்பாங்கள்.
பதிலுக்குச் சோடா மூடிகள் நாற்பது:
நிறை குறைவு, சத்தம் கூட.
கொடிக்கயிறும் உடுப்புக் கிளிப்பும் வரட்டும்.
ஆணி அடிக்க விடாத சுவர் எந்த ஊரிலும் உண்டு,
சன்னலுக்குச் சன்னல் கட்டிப் படம் தொங்கவிடலாம்.
வெண்கட்டி மூன்று பெட்டி, வெளியே.
இரண்டு பட்டுச்சாறி, ஒரு குடை, வெளியே.

அகராதியைக் கனநேரம் கையில் வைத்திருந்தேன்.
'எஸ்' எழுத்தின் நடுவில் முடிந்துபோகும் அகராதி.
மிச்சத்தைத் தறப்பாளுக்குக் கீழே ஒரு மாரி தின்றது.
அதற்குப் பிறகு வருகிற சொல்லையெல்லாம்
ஆரிடமோ கேட்டு, பிழையாய்ச் சொல்லி, திருப்பிக் கேட்டுத்தான்
நான் பிடித்தேன்.
ஒன்றரைக் கிலோ.
வெளியே.

அட்டைகள் மட்டும் மிச்சம்.
கூட்டுறவுச் சங்கக் கலண்டரின் முதுகில்
நானே கீறி எழுதினவை.
'டி' எழுத்துக்கு டாங்க்.
எங்கள் நாட்டு இங்கிலீசில் அது குளம்.
வவுனிக்குளத்தைத்தான் கீறியிருந்தேன்:
கட்டு, வான்கதவு, ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.
தரம் ஆறில் துசிந்தன் எழும்பி வந்து
கட்டுக்குக் கீழே சங்கிலிச் சக்கரம் கீறினான்.
"மிஸ், டாங்க் எண்டால் இதுதானே?"
சரி போட்டேனா பிழை போட்டேனா, ஞாபகமில்லை.
அழிறப்பர் கையில்தான் இருந்தது.
அழிக்கவில்லை.

நான் போகிற தீவில் குளம் இல்லை. ஆறும் இல்லை.
போனில் படம் பார்த்தேன்.
கூரையோரம் மழைத்தண்ணி பிடிக்கிற
பிளாஸ்ரிக் பீப்பாய்கள், வரிசையாக.
அதுவும் டாங்க்தான்.
அட்டையின் வலது மூலையில்
உள்ளங்கை அளவு வெள்ளை கிடக்கிறது.
அங்கே ஒரு பிள்ளை பீப்பாய் கீறும்.
கீறி முடித்து,
கொக்கைத் தொட்டு இது என்ன என்று கேட்கும்.
சக்கரத்தைத் தொட்டும் கேட்கும்.
கொக்குக்கு அந்த அகராதியில் சொல் இருந்தது.

எல்லா அட்டையையும் திருப்பி உள்ளே வைத்து
முழங்காலால் அமத்தி மூடினேன்.
தராசில் இருபதும் கொஞ்சமும்.
"காயக் குறையும்" என்றார் பேரம்பலம்.
நான் சிரித்து முடிக்கமுதல்
வெளியே வைத்த பெட்டியில் ஒரு வெண்கட்டியை எடுத்து
மூடைக்குப் போடுகிற பழக்கத்தில்
சூட்கேஸின் முதுகில்
'பே. 20' என்று பெரிதாக எழுதிவிட்டார்.
பிறகுதான் அவருக்கே விளங்கி
தோளில் கிடந்த துவாயை இழுத்தார்.
விடுங்கோ, கிடக்கட்டும் என்றேன்.

மாங்குளத்தில் இரவு பஸ்.
பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளின பெடியன்
ரோச் அடித்து எழுத்தைப் பார்த்தான்.
"அக்கா, சம்பாவோ?"