பதினாலு நாள் மெத்தை

மேலண்ணத்தில் பல்செட் எதுவரைக்கும் மூடுமோ
அதுவரைக்கும் சிவப்பு.
அதற்கப்பால் ஒரு நூல்கூடத் தாண்டவில்லை.

நேசமலர். அறுபத்தேழு. திராய்மடு. அப்பம் சுடுகிறவர்.
அட்டையில் டொக்டரின் கையெழுத்து:
பூஞ்சணம், மூன்றாம் தடவை.

சொட்டு மருந்து தந்தோமே, நாளைக்கு நாலு தரம்?
"தந்தீங்க."
விடிய நாலு மணிக்கு அடுப்பு.
ஆறரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
பிறகு ஓட்டோக்காரர்.
வாய்க்குள் மருந்தை அடக்கிக்கொண்டு
மிச்சக் காசு எண்ணிக் கொடுக்க ஏலாது.

இரவில் பல்லைக் கழற்றி வைக்கச் சொன்னோமே?

இதற்கு மட்டும் பதில் உடனே வரவில்லை.
மேலே காத்தாடி ஒரு பக்கம் இழுத்து இழுத்துச் சுற்றியது.

"நாவலடியில இரிக்கக்குள்ள கழட்டித்தான் வைப்பன்.
சில்வர் டம்ளருக்குள்ள தண்ணி ஊத்தி, ஜன்னல் கட்டில.
அண்டைக்குக் காய்ச்சல், படுத்துக் கிடந்தன்.
டம்ளரையும் ஜன்னலையும்
கடல் கொண்டு போயித்து.
மறுகா தங்கச்சியத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் திரிஞ்சன்.
சசிரூபி எண்டு பேரு.
பல்லில்லாத வாயில 'ச' வராது, தம்பி.
எழுதின பொடியன் மூணு தரம் கேட்டான்,
என்ன பேரு, என்ன பேரு எண்டு."

பல் தொழில்நுட்பம் படித்த வருடங்களில்
இதற்கு ஒரு பாடம் இருந்ததாய் நினைவில்லை.
இரவு முழுக்கப் பல்லுக்கடியில்
வெளிச்சமும் காற்றும் எச்சிலும் எட்டாத
ஈரமான இருட்டு.
அது அங்கே குடியிருக்கிறது.
கள்ளுக் கிடைக்காத நாளில் மாவில் போடுவாரே ஈஸ்ட்,
அதற்குத் தூரத்துச் சொந்தம்.
ஒன்று அவருக்குச் சோறு போடுகிறது,
மற்றது அவரைத் தின்கிறது.

அவர் மருந்திடம் வரமாட்டார்.
சரி, மருந்து அங்கே போகட்டும்.

பல்செட்டின் உட்புறத்தைச் சுரண்டி இடம் எடுத்தேன்.
வெள்ளைத் தூள், ஸ்பிரிட் மணக்கும் திரவம்,
டொக்டர் நிறுத்துத் தந்த மஞ்சள் நிஸ்டாட்டின்.
கொஞ்சம் கூடினாலும் மெத்தை பலமிழந்து
நாலு நாளில் உரிந்து வரும்.
ரப்பர் கிண்ணத்தில் கலக்கக் கலக்க
கதிரையிலிருந்து எட்டிப் பார்த்தவர் சொன்னார்:
"இன்னும் கொஞ்சம் இறுகோணும்."

இறுகத்தான் வேண்டியிருந்தது.
இருபது விநாடி பொறுத்தேன்.

வாயில் வைத்து, கடித்து, ஐந்து நிமிடம்.
மிருதுவாய் அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.
'ச' வருகிற எதையாவது சொல்லுங்க என்றேன்,
பொருத்தம் பார்க்க.

"சம்பல்," என்றார்.
"சீனி. சாமான் காசு."
இன்னும் ஒன்று வருமென்று காத்திருந்தேன்.
அவர் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

பதினைந்தாம் நாள் வந்தார்,
பத்திரிகைத் தாளில் சுற்றிய நாலு அப்பத்தோடு.
மெத்தை காய்ந்து இறுகிவிட்டது,
மருந்தெல்லாம் கசிந்து முடிந்திருக்கும்.
அண்ணத்தில் சிவப்பு வெளிறி
ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலம்.
பழையதை உரித்து, புதிதாய் இன்னொன்று கலந்தேன்.
இந்தத் தடவை அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்டு சொல்லட்டா? இப்ப கழட்டுறன்.
ராவில இல்ல.
மத்தியானம், ஆக்கள் வராத நேரம்.
நனைச்ச துணியில சுத்தி
முந்தானையில முடிஞ்சித்து இரிப்பன்."

நித்திரை கொள்வீங்களா அந்த நேரம்?

"விசரா? முழிச்சித்துத்தான்."

அட்டையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.
திகதிக்குப் பக்கத்தில்,
மருந்தின் அளவுக்குக் கீழே எழுதினேன்:
பகலில், ஒரு மணித்தியாலம்,
கடலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு.
பிறகு கடைசி வரியை வெட்டினேன்,
டொக்டர் கேட்பார் என்று.