ஆளுக்கோர் அடி

புதன்கிழமை பதினோரு மணிக்கு
கீபோர்டு உள்ளே வந்தது.
பேட்டரி நாலும் கேட்டிலேயே நின்றுவிட்டன,
உறையில் போட்டு, சீல் வைத்து, கையெழுத்து வாங்கி.
ஊமைக் கட்டைகளை அழுத்தி அழுத்தி
வாயாலேயே ஸ்வரம் சொன்னார் சுகந்தி டீச்சர்.

"ஆளுக்கு ஓர் அடி கொடுங்க,
சேர்த்துப் பாட்டாக்கலாம்."
"அடிதானே டீச்சர்?
கொடுத்துட்டுத்தானே உள்ள வந்து கீறேன்"
என்றாள் அஞ்சலாட்சி.
மேட்ரன்கூடச் சிரித்துவிட்டாள்.

முதல் வாரம் முழுக்க நிலாவும் அம்மாவும்.
எல்லாம் எங்கேயோ கேட்டவை.
டீச்சர் கோபிக்காமல் எழுதிக்கொண்டு
"இன்னிக்குக் காலையில மொதல்ல எதப் பாத்தீங்க?"
என்று மட்டும் கேட்டார்.
அப்புறம்தான் வந்தது
காதறுந்த பக்கெட்,
தொரப்பாடி வெயிலில் சுடும் அலுமினியத் தட்டு,
மனுப்போட வராத அண்ணன்.

குடியாத்தத்து ஷம்ஷாத்
பீடி சுற்றிய விரல்களால் தொடையில் தாளம் போடுவாள்.
இருபத்தைந்து எண்ணியதும் நிறுத்தி
நூல் கட்டும் நேரம் விட்டுத்தான் மறுபடி தொடங்குவாள்.
கை அப்படிப் பழகிவிட்டது.
எங்கள் பாட்டில் அந்த இடத்தில்
ஒரு மூச்சு சும்மா இருக்கும்.

'வீடு' என்ற சொல்லுக்கு ஒரு மணி நேரம் சண்டை.
எல்லாம் அங்கேதான் நடந்தது, வேண்டாம் என்றேன் நான்.
அங்கேதான் என் புள்ள கீது, வேணும் என்றாள் அஞ்சலாட்சி.
கடைசியில் 'கதவு' என்று போட்டோம்.
அதிலும் யாருக்கும் திருப்தியில்லை.

ராணிப்பேட்டை பூங்காவனம்
மூன்று புதன்கிழமைகள் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.
நாலாவது வாரம், எழுந்து போகும்போது,
யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்:
"தோல்ஷாப்பு நாத்தங்கூடத் தேடி வரலியே."
டீச்சரின் பேனா கொஞ்சம் தாமதித்து ஓடியது.
அதுதான் இரண்டாம் அடி.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு ராத்திரி.
கரண்ட் இல்லை. சுவர் இன்னும் ஆறவில்லை.
புடவையை வாங்கிக்கொண்டு
பூங்காவனத்தைத் தனி செல்லில் வைத்திருந்தார்கள்.
டொக். டொக்.
தலைதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
பாராக்காரி கத்திப் பார்த்தாள்,
பிறகு சாவி தேடி ஓடினாள்.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
பாடினேன்:
"தோல்ஷாப்பு வாசங்கூடத் தேடி வரலியே…"

டொக் நின்றது.
வெகு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, கரகரத்துக்கொண்டு,
"வாசம் இல்லமே… நாத்தம்!
நாத்தம்னு பாடு."

எங்கிருந்தோ ஷம்ஷாத்தின் தொடை தொடங்கியது.
இருபத்தைந்தாவதில் எல்லோரும் நின்றோம்.
அந்தச் சும்மா இருந்த மூச்சில்
கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கூட்ஸ் போனது.

வேண்டுமென்றே தப்பாகப் பாடினாயா
என்று டீச்சர் கேட்டார்.
இன்றுவரை நான் சொல்லவில்லை.
எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

பூங்காவனம் குணமாகிவிட்டாள் என்று எழுத மாட்டேன்.
மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது.
தட்டில் பாதி மிச்சம் வைக்கிறாள்.
ஆனால் புதன்கிழமை
எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்,
நான் தப்புப் பண்ணுவேனென்று.

அடுத்த மாதம் ஜட்ஜ் அம்மா வருகிறார்களாம்.
நோட்டை வாங்கிப் பார்த்த அதிகாரி
ஒரே ஒரு சொல்லைச் சிவப்பில் சுழித்தார்.
"நாத்தம் வேண்டாமே, கேக்க நல்லா இல்ல.
வாசம்னு மாத்திக்குங்க."

பூங்காவனம் திரும்பி என்னைப் பார்த்தாள்.
சரிங்க சார் என்றோம், எல்லோரும் சேர்ந்து,
ஒரே சுருதியில்.