கல்லில் ஒட்டியது

மூன்று துணித் துண்டுகளைக்
கல்லாப்பெட்டி மேல் பரப்பினார்
கோட்டையில் கடை வைத்திருக்கும் இலியாஸ் பாய்.
ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.
மூன்றாவதை அவர் கிரே என்றார்,
எனக்கு அது கசக்காத இட்லித் துணியின் நிறம்.

முதலாளிக்குக் கறுப்புதான்.
பெங்களூரில் எங்கோ பார்த்தாராம்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
வக்கீல்கள் மாதிரி நின்று சமைத்தார்களாம்.
எங்கள் அடுப்படிக்குக் கண்ணாடி கிடையாது.
ஐந்து ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல்,
அதையும் எக்ஸாஸ்ட் ஃபேன் அடைத்திருக்கிறது.

நான் ஸ்டோர் கணக்கு எழுதுகிறவள்.
கறுப்பில் மைதா தெரியும்
வெள்ளையில் மஞ்சள் தெரியும்
என்று நோட்டில் குறித்தேன்.
சித்திரை வெயிலுக்கு எது தாங்கும் என்று கேட்டேன்.
"பாலியெஸ்டர் கலந்தா ஒரு மணியில காஞ்சிடும் மேடம்."
கேட்டது துணியைப் பற்றி இல்லை.

அங்கமுத்து மாஸ்டர் பேசவில்லை.
கறுப்புத் துண்டை எடுத்து மோந்தார்,
கட்டைவிரலில் தேய்த்தார்,
கல்லுக்குத் தண்ணீர் தெளித்தார்,
சுர்ரென்றது அடங்கும் முன்
நடுவில் வைத்தார்.
தீப்பிடிக்கும் என்று நான் பின்வாங்கினேன்.
அது சுருங்கியது, பளபளத்தது,
வெல்லப் பாகாக இளகி
கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.
பிளாஸ்டிக் வாளி எரிகிற வாடை.
மாஸ்டர் முழங்கையைத் திருப்பிக் காட்டினார்:
என்றோ போட்ட நைலான் சட்டையின் கை
இன்னும் கழற்றாமல் இருந்தது.

பருத்தி, என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

பிறகு பொத்தான்.
போன ஐப்பசியில் சாம்பாரில் கிடந்த ஒன்றை
ஒருவர் போட்டோ எடுத்துப் போட்டதிலிருந்து
அந்தப் பேச்சே ஆகாது. அமுக்குப் பொத்தான்.
எண்ணெய் கொட்டினால் ஒரே இழுப்பில் திறக்கும்.
மேல் பாக்கெட் வேண்டாம், குனிந்தால் போன் குழம்பில்.
தந்தூரிக்குள் தோள்வரை கைவிடுகிற பிதேஷியிடம்
அரைக்கையா முழுக்கையா என்றதற்கு
ஒடியாவில் நீளமாக ஏதோ சொன்னான்.
ஒடியா தெரியாத, ஏற்காட்டுப் பொன்னுரங்கம்
"ஒரு கை மட்டும் முழுசாம்" என்று மொழிபெயர்த்தான்.

முதலாளியின் பட்டியலில் பதினான்கு பேர்.
பாத்திரம் கழுவும் மூவர் இல்லை.
"அவங்க பின்னாடிதானே," என்றார் போனில்.

பாவாயி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.
சேலைக்கு மேல் புருஷனின் கட்டம் போட்ட சட்டை,
முன்புறம் முழுக்க நனைந்து.
"எனக்குத்தான் எட்டு வருசமா யூனிபாரம் இருக்கே,
அந்தாளு போட்டதைவிட நான் போட்டதுதான் அதிகம்."

மார்பில் ஓட்டல் பெயர் தைக்க ஒன்றுக்குத் தொண்ணூறு.
அந்த வரியை அடித்தேன்.
மூன்று கோட்டுக்குச் சரியாக வந்தது.
நாலை ஏழாக்குவது சுலபமில்லை,
மை கொஞ்சம் பரவிவிட்டது.
பேர் எங்கே என்று முதலாளி கேட்பார்.
துவைத்தால் நூல் சாயம் போகுமாம் என்பேன்.

டேப்பை என்னிடம் நீட்டினார் பாய்.
சட்டையைக் கழற்றச் சொன்னால்
பாவாயி மாட்டேன் என்றாள்.
"இதுக்கு மேலயே எடு கண்ணு."
எடுத்தேன். அவள் கோட்டு ஒரு சுற்றுப் பெரிதாக வரும்.

செங்கல்லால் எவ்வளவு தேய்த்தும்
நாலு மணி முதல் ரோஸ்ட் நடுவில் பிடித்துக்கொண்டது.
"இதை முதலாளிக்கு அனுப்பு," என்றார் மாஸ்டர்.
நான்தான் தின்றேன்,
ஓரத்தை மட்டும்.