ஏழாவது ஆள்

குத்தாயிசி நகரம். ரியோனி ஆற்றுக்கு இந்தப் பக்கம்
முன்பு சட்டை தைத்த தொழிற்சாலையின் நிலவறை.
நாலரை மணிக்கே வந்துவிட்டாள் சிசானா,
தோளில் சோங்குரி, கையில் பெடல் பெட்டி.
மூன்று பேர் பாட வேண்டிய பாட்டை
ஒருத்தியாகப் பாடப் போகிறாள்.
மற்ற இருவர் எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஒலிக்காரன் கேட்பது வேறு:
எத்தனை மைக், எத்தனை கேபிள், பிளக் எங்கே.

குரலுக்கு ஒன்று. உதட்டிலிருந்து மூன்று விரல்.
முன்னால் நிற்பதை மட்டும் கேட்கும் ரகம்,
முதுகுப்பக்கம் சுத்தச் செவிடு.
அந்தச் செவிட்டுத் திசையில்தான்
மானிட்டரை வைக்க வேண்டும்;
ஒரு சாண் தள்ளினாலும்
தன் குரலைத் தானே விழுங்கி ஊளையிடும்.
சோங்குரியின் வயிற்றில் காசளவு வில்லை ஒன்றை ஒட்டினேன்.
அதற்குக் காற்று கேட்காது,
மரத்தின் நடுக்கம் மட்டும்.

"ஒரு தடவை உள்ளே விட்டால்
சுற்றிச் சுற்றி வரும்" என்றேன்.
"தெரியும். என் முதல் கணவனும் அப்படித்தான்."

ஒத்திகை.
கீழ்க்குரல் போட்டாள், மிதித்தாள்.
அதன்மேல் நடுக்குரல், மிதித்தாள்.
மேல்குரல். பிறகு ஒவ்வொன்றையும் இரட்டித்தாள்.
ஆறாவது அடுக்கில்
யாரோ ஏழாவது ஆள் முனகினார்.
ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தித் தேடினேன்:
கல்லாவுக்குப் பின்னால், பழைய ஃபிரிட்ஜ்.
அடுக்குக்கு அடுக்கு ஒண்டிக்கொண்டு
அதுவும் பாடகராகிவிட்டிருந்தது.

மால்காஸ் பிளக்கின் மேல் கையை வைத்துக்கொண்டான்.
"பியர் சூடாகும். பாலாடைக்கட்டி வியர்க்கும்.
அதற்கு யார் பொறுப்பு?"
அரை மணி நேரம் பேரம்.
முதல் பாட்டு முடியும்வரை மட்டும் என்று இறங்கினான்.

இரவு. நாற்பது நாற்காலி, ஐம்பது பேர்.
ஃபிரிட்ஜ் ஊமையானதும்
பல்பின் இழை பேசுவதுகூடக் கேட்டது.
சிசானா மிதித்தாள்; கீழ்க்குரல் வட்டத்தில் இறங்கியது.
எட்டாவது தாளத்தில்
இரண்டாம் வரிசையில்
மினிபஸ் ஓட்டுநர் ஒருவர்
தும்மினார்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த சுற்றில் தும்மல் வந்தது.
சிலர் சிரித்தார்கள். மனிதர் தொப்பிக்குள் முகம் புதைத்தார்.
அதற்கடுத்த சுற்றிலும் வந்தது.
அழித்துவிடு என்று மேசையிலிருந்து கைகாட்டினேன்.
பார்த்தாள். பார்க்காதவள்போல்
சோங்குரியை அந்த இடத்தில் அடிக்கத் தொடங்கினாள்,
தும்மலுக்கு ஒரு நூல் முன்னால்.
நடுக்குரல் அங்கே மூச்சு வாங்கியது.
மேல்குரல் அங்கிருந்து ஏறியது.
ஐந்தாம் சுற்றில் யாரும் சிரிக்கவில்லை.
தொப்பிக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப்பார்த்தது.

பிறகு எல்லாவற்றையும் நிறுத்தினாள்.
பெடலில் கால் இல்லை, தந்தியில் கை இல்லை.
கீழ்க்குரல் மட்டும், வாயிலிருந்து நேராக, ஒரே ஒரு முறை.
ஆறு. ஏழு.
எட்டுக்கு முன்னால்
ஐம்பது பேரும் இரண்டாம் வரிசைப் பக்கம்
கொஞ்சம் சாய்ந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

கைதட்டல் கிளம்புமுன்
மால்காஸ் பிளக்கைச் செருகிவிட்டான்.
அவள் விட்ட சுருதிக்குக் கால் படி கீழே
ஃபிரிட்ஜ் எடுத்துக்கொண்டது.
சிசானா தலையைச் சாய்த்துக் கேட்டாள்,
குரலைச் சற்றே இறக்கி
அதோடு சேர்ந்தாள்.