நிரல் ஏழு

செட்டியார் தெருவில் ஒரு மேல்மாடி.
கீழே அடைவுகடை. மேலே விசிறியும் நானும்
றெஜினோல்ட் விட்டுப்போன தரவுத்தளமும்.
தொண்ணூற்றாறில் அவர் தானே கட்டினது.
கையேடு இல்லை. ஆள் இப்போது ஒஸ்லோவில்,
போன் எடுப்பதில்லை.

என் வேலையைச் சொல்வது சுலபம்:
ஒவ்வொரு நிரையையும் ஒரு பொருளாக்க வேண்டும்.
சங்கிலி ஒரு பொருள். வைத்தவர் ஒரு பொருள்.
இடையில் உறவு.
கேட்டால் மட்டும் உறவு எழுந்து வரும்,
கேட்காதவரை வட்டில் படுத்திருக்கும்.
எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

அட்டவணை பேசுவது ஒரு வழக்கு,
செயலி பேசுவது இன்னொன்று.
புறக்கோட்டை பஸ் நிலையத்தில்
மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் கூவும் பொடியனைப் போல
நடுவில் நிற்கிறேன்.
எடை பவுணில், சிலவேளை கிராமில்.
பெயர் முதலெழுத்தோடு; குடும்பப்பெயர் வெற்று.
வெற்று என்றால் இல்லை என்பதல்ல,
யாரும் எழுதவில்லை என்பது.
இதை இரண்டு இடத்தில் குறிப்பாய் எழுதிவைத்தேன்.

நிரல் ஏழில் தடக்குப்பட்டேன்.
தலைப்பு இல்லை. ஒன்று, அல்லது சுழியம்.
நாலாயிரத்துச் சொச்சத்தில் முப்பத்தேழுக்கு மட்டும் ஒன்று.
பெயரில்லாததைப் பொருளுக்குள் எப்படி வைக்க?

இறங்கிப்போய் மெற்றில்டாவைக் கேட்டேன்.
இரும்புப்பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னா:
"அதெல்லாம் ஏலத்துக்கு விடக்கூடாததுகள்.
தவணை போனாலும்."
ஏன்?
"அதுக்கு றெஜி நிரல் வைக்கேல்ல."

மேலே வந்து
'காத்திரு' என்று பெயர் வைத்தேன்.
அழி என்று யாரும் ஆணையிட்டால்
உறவின் வழியே எல்லாம் சரிந்துபோகும் இடத்தில்
அதை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.
ஒருவரும் கேட்காத வேலை. பில்லில் வராது.

எட்டரைக்குச் சோதனைகள் ஓடின.
பச்சை. பச்சை. கதிரேசன் கோவில் மணி. பச்சை.
ஒன்று மட்டும் சிவப்பு:
98 என்ற ஆண்டை 2098 என்று வாசிக்கிறது.
அந்தக் கணக்கில்
க. யோகாம்பிகையின் காப்பு, ஒரு சோடி,
மூன்றரைப் பவுண், நிரல் ஏழில் ஒன்று,
இன்னும் அடைவுக்கே வரவில்லை.
எங்கோ ஒரு குசினியில்
தேங்காய் துருவும் கையில் கிடந்து
சத்தம் போடுகிறது.

நாளைக்குத் திருத்தலாம் என்று
மடிக்கணினியை மூடினேன்.